வேறு வாய்க்குப் பொருந்தாத பொருள்

துரைக்கண்ணுவின் வலது கன்னம் மூன்று நாளாக ஒரு நெல்லிக்காயை ஒளித்து வைத்திருந்தது. கிராம்பை அந்தப் பக்கம் அதக்கிக்கொண்டு பேச்சை இடது பக்கத்தாலேயே நடத்திவந்தார். வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருடம் கோர்ட் அமீனாவாக ஊர் ஊராகச் சம்மன் கொடுத்து, எந்தக் கதவை எப்போது தட்டினால் ஆள் அகப்படுவான் என்று படித்துக்கொண்டு, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் நிலையம் இருந்தது. பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே 'கண்டது கண்டபடி' என்று எழுதி வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பொய் கலந்து ஒரு வரி எழுதியதில்லை என்று டீக்கடையில்கூடச் சொல்லிக்கொள்வார்.

"சார், பல்லை டாக்டர்கிட்ட காட்டறதுக்கு யாராவது நம்மகிட்ட கேஸ் குடுக்கணுமா?" என்று கேட்டாள் தேவகி.

தேவகி அவருடைய உதவியாளர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் வந்ததும் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு, நாக்கை மட்டும் போடாமல் கொண்டுவந்து இங்கே சேர்ந்தாள்.

"தானா சரியாப் போயிடும்மா."

"போயிடும் சார். பல்லே போயிடும்."

சொல்லிக்கொண்டே மேஜை டிராயரைச் சுத்தம் செய்தவள், பழுப்புக் கவர் ஒன்றை வெளியே எடுத்தாள். "இதுகிட்ட வாடகை வாங்கலாமா? பத்து நாளா இங்கதான் குடியிருக்குது."

கவருக்குள் ஒரு சாண் நீளத்துக்கு அரக்குப் பட்டுக் கரை. ஜரிகையில் ருத்ராட்ச மணிகள் வரிசையாக ஓடின. ஓரிடத்தில் மட்டும் ஒரு மணி விட்டுப்போயிருந்தது.

"நெய்தவர் இந்த இடத்துல ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்காரு," என்றாள் தேவகி. "பழனி ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாரு சார். அந்தப் புடவையை வித்த அம்மா திரும்பி வந்து, கரையில ஒரு துண்டாவது குடுன்னு கேட்டு அழுதுக்கினு போச்சாம்."

பழனி பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர். கரையையும் முந்தியையும் வெட்டி நெருப்பில் போட்டு, ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது அவர் தொழில். பத்து நாளைக்கு முன்பு ஒரு கடைக்காரர் நாலு புடவை களவு போனதாகச் சொல்ல, துரைக்கண்ணு பழனியிடம் போய்ச் சந்தேகத்தின் பேரில் இந்தத் துண்டை எடுத்துவந்தார். விவரம் தெரிந்தவரிடம் காட்டி, இது கடைச் சரக்கு இல்லை என்றும் தெரிந்துகொண்டார். கடைசியில் அந்த நாலு புடவையும் கடைக்காரரின் மச்சினன் வீட்டுப் பீரோவில் இருந்தன. வழக்கு முடிந்தது, துண்டு மட்டும் திரும்பிப் போகவில்லை. சோம்பலைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

"உன் பையில போட்டு வை. போற வழியில குடுத்துடலாம்," என்றார் துரைக்கண்ணு. இதையே அவர் போன வாரமும் சொன்னார்.

அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இளவரசி வந்து நின்றாள். நாற்பது வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கைலாசத்தின் மகள். பட்டு சம்பந்தமாக எந்த வழக்கு வந்தாலும் துரைக்கண்ணு கைலாசத்தைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டார். அசல் எது போலி எது என்று விரலால் தடவியே சொல்லிவிடுகிற மனிதர். தேவகிக்கு மட்டும் அவரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒருமுறை வேர்க்கடலை கொறித்துக்கொண்டே தறிப்பக்கம் போனவளை, வாசலுக்கு அனுப்பி வாய் கொப்பளிக்க வைத்துத்தான் உள்ளே விட்டார். எச்சில் வாயோடு பட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாதாம்.

"சார், எங்கப்பா பல்லைக் காணோம்," என்றாள் இளவரசி.

"எத்தினி பல்லுக்கா?" என்றாள் தேவகி.

"எல்லாமே. பல்செட்டு."

"ஆள் இருக்காரா?"

"இருக்காரு."

"நல்ல திருடன்தான். ஆளை விட்டுட்டுப் பல்லை மட்டும் எடுத்துக்கினு போயிருக்கான்."

இளவரசிக்குச் சிரிப்பு வரவில்லை. தேவகி நாற்காலியை இழுத்துப்போட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"புதன்கிழமை காலையில இருந்து இல்ல சார். ராத்திரி டம்ளர் தண்ணியில போட்டு வெப்பாரு. காலையில பார்த்தா பல்லும் இல்ல, தண்ணியும் இல்ல."

"டம்ளர்?"

"டம்ளர் இருக்குது. கழுவிக் கவுத்து வெச்சிருந்துது."

துரைக்கண்ணு கிராம்பை இடது பக்கம் மாற்றினார். திருடுகிறவன் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போவதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"கைலாசம் அண்ணா என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. துண்டால வாயை மூடிக்கினு தறியில உட்கார்ந்துக்கறாரு. நாலு நாளா வெறும் கஞ்சி. அதுக்கு முன்னாடியே ஒரு வாரமா சரியா சாப்பிடல. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது சார்." அவள் குரல் இறங்கியது. "செட்டைப் போடாம விட்டா ஈறு சுருங்கி, அப்புறம் அதுவே பொருந்தாம போயிடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இன்னொண்ணு கட்ட என்னால ஆகாது."

"இது யார் செலவு?"

"தம்பி. திருப்பூர்ல இருந்து குமரகுரு அனுப்பினான்." இதைச் சொல்லும்போது அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அவளே தொடர்ந்தாள். "ரெண்டு வருஷம் வலி வலின்னாரு சார். நான் கிராம்புத் தைலம் வாங்கி வாங்கிக் குடுத்தேன். ஒரு தடவை ஓடு மாத்தற செலவு, ஒரு தடவை பொண்ணு காலேஜு பீசு. அப்பவே பார்த்திருந்தா நாலு பல்லோட போயிருக்கும். மொத்தத்தையும் எடுக்கற அளவுக்கு விட்டது நான்தான். ஒரு வருஷம் பொக்கை வாயோட இருந்தாரு. போன மாசம்தான் செட்டு கட்டினோம். பத்து நாளு, பத்தே நாளு, நல்லா மென்னு சாப்பிட்டாரு."

அவள் போன பிறகு தேவகி கேட்டாள், "பல்செட்டைத் திருடி என்னா சார் பண்ணுவான்?"

"அதான் விஷயம். திருடற பொருளை விக்கணும், இல்ல வெச்சிக்கணும். இது வேற வாய்க்குப் பொருந்தாது. யாருக்குமே உபயோகப்படாததை எடுத்திருக்கான்னா, அவனுக்கு வேண்டியது அந்தப் பொருள் இல்லம்மா. அது அங்க இருக்கக்கூடாது, அவ்வளவுதான் வேணும்."

"அப்ப முதல்ல டாக்டர்கிட்ட போலாம் சார். ஒரே பெட்ரோல்ல ரெண்டு வேலை முடியும்," என்று அவர் கன்னத்தைப் பார்த்தாள்.

தேவகியின் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து, வழிநெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, துரைக்கண்ணு சின்ன காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தார். டாக்டர் லக்ஷணாவின் கிளினிக் தேரடிக்குப் பக்கத்தில். சின்னப் பெண். அப்பா, தாத்தா எல்லோரும் சன்னதித் தெருவில் பிரபந்தம் சேவிக்கிறவர்கள். இவள் ஊர் வாயைத் திறந்து பார்க்க வந்துவிட்டாள்.

"உட்காருங்கோ. வாயைத் திறங்கோ," என்றாள் அவரைக் கண்டதும்.

"நான் வேற விஷயமா வந்தேன்மா."

"கன்னம் என்ன விஷயமா வந்திருக்குன்னு எனக்குத் தெரியறதே."

"முதல்ல பிள்ளையார்பாளையம் கைலாசம் விஷயம் சொல்லுங்கம்மா," என்று குறுக்கே வந்து அவரைக் காப்பாற்றினாள் தேவகி.

லக்ஷணாவின் முகம் மாறியது. "அவரா? செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்தாரே. பல்லைக் காகிதத்துல சுத்திண்டு வந்து இந்த மேஜை மேலே வெச்சார். இதை எடுத்துண்டு பணத்தைத் திருப்பிக் குடுங்கோன்னார்."

துரைக்கண்ணுவும் தேவகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க?"

"போட்டுப் பழகின பல்லை நான் வாங்கி வேற யாருக்கு வெக்கறது? முடியாதுன்னேன். கடிக்கறச்சே வலிக்கறதா, ராவித் தரேன்னேன். பல்லு வலிக்கலம்மான்னார். அந்த 'பல்லு'ங்கறதை ஒரு மாதிரி அழுத்திச் சொன்னார். அப்புறம் காகிதத்தை மடிச்சு எடுத்துண்டு போயிட்டார்."

"பணம் யாரு கட்டினது? மகனா?"

"மகனை நான் பார்த்ததே இல்லை. பொண்ணுதான் கட்டினா, ஒரே தடவையில. எனக்கே ஆச்சரியம். இங்க வர்ற பெரியவாள்ளாம் பல்லை எடுத்துக்கறதோட சரி. கட்டறதை அப்புறம் பார்க்கலாம்னு போயிடுவா. அந்த அப்புறம் வரவே வராது. கண்ணுன்னா இலவச முகாம்னு வேன் வந்து அழைச்சிண்டு போறது. பல்லுக்கு யார் வரா? வயசானவாளுக்குப் பல்லு அழகுக்குன்னு நினைச்சிண்டிருக்கா எல்லாரும். சாப்பாடு அதுலதானே இறங்கணும்." அவள் கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு அவரை உட்கார வெச்சுக் கேட்டிருக்கணும் நான். வெளியில எட்டுப் பேர் காத்திண்டிருந்தா," என்றாள்.

வெளியே வந்ததும் தேவகி வண்டியை உதைத்தபடி சொன்னாள், "திருடனும் அவரே, பறிகுடுத்தவரும் அவரே. ஃபீஸை யாரு தலையில கட்டறது?"

துரைக்கண்ணு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நன்றாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்குப் பத்தாம் நாள் என்ன தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது? அந்த ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். யாரோ ஒரு வாயாடி, வேலை வெட்டி இல்லாதவன், வீட்டுக்குள் புகுந்து எதையோ கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன்மேல் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

கைலாசத்தின் வீட்டில் முன்னறை முழுக்கத் தறிதான். தெருப்பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டித் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. வாயை மூடித் துண்டைச் சுற்றியிருந்தார். துரைக்கண்ணுவைப் பார்த்ததும் தலையை அசைத்தார், கை நிற்கவில்லை. தேவகி யாரும் சொல்லாமலே வாசலில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"எங்கெங்கம்மா தேடினே?" என்று இளவரசியிடம் கேட்டார் துரைக்கண்ணு.

"எல்லா இடமும் சார். அரிசி டின்னு, பரண், தறிக்குழி, குப்பைமேடு வரைக்கும்."

"தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க. அறுந்த இழையையே தேடி முடி போடற வீடு இது. அந்தப் பெட்டியில?"

அறை மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதன் மேல் மடித்த பாய் இருந்தது. இளவரசி ஒரு எட்டு முன்னால் வந்து பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"அதுல என் கல்யாணப் புடவை மட்டும்தான் இருக்குது. அதுல எதுக்குப் பல்லு இருக்கப் போவுது?"

"எல்லா இடமும் தேடினேன்னே. இதை மட்டும் தேடல."

தறி நின்றது. இளவரசி நகர்ந்து வழி விட்டாள். தேவகி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி ஒரு அரக்குப் புடவை. அதன் மடிப்புக்குள் கையை விட்டவள், எடுத்துக் காட்டினாள். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை.

"கண்டுபிடிச்சாச்சு," என்றாள், வழக்கமான குதூகலம் இல்லாமல்.

துரைக்கண்ணு பல்லைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தறியைச் சுற்றிக்கொண்டு போய்க் கைலாசத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணா, வேர்க்கடலை தின்ன வாயைக்கூட நீங்க தறிப்பக்கம் விட மாட்டீங்க. வாயில போட்ட பல்லை எடுத்துப் பட்டுப்புடவை மடிப்புல வெப்பீங்களா?"

கைலாசம் வாய்த்துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"வெச்சிருக்கீங்க. அப்படின்னா அது பட்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

இளவரசி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளாகவே சொன்னாள். "தம்பி அனுப்பல சார். அவனுக்கே அங்க தறி ஓடல. நெசவாளர் சங்கத்துல கேட்டேன், பல்லுக்கெல்லாம் உதவி கிடையாதுன்னாங்க. கல்யாணப் புடவையை ஜரிகை உருக்கற பழனிகிட்ட குடுத்துட்டேன். அதே கலர், அதே கரை, பவர்லூம்ல போலியா ஒண்ணு வாங்கி மடிச்சு வெச்சேன். அப்பா பெட்டியைத் தொடவே மாட்டாரு. தெரியாதுன்னு நினைச்சேன்." திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். "உனக்கு யாருப்பா சொன்னது?"

கைலாசம் துண்டை இறக்கினார். உதடு உள்ளே மடிந்து முகமே சின்னதாகப் போயிருந்தது. கையிலிருந்த, இழை ஓட்டுகிற நாடாவால் எதிரில் இருந்தவரைக் காட்டினார்.

"தோ, துரைதான்."

துரைக்கண்ணுவுக்கு முதலில் விளங்கவில்லை. தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானேப்பா ஒரு சாண் கரையைக் கொண்டாந்து காட்டினே," என்றார் கைலாசம். பல் இல்லாததால் வார்த்தைகள் காற்றோடு வந்தன. "ஒரு மணி விட்டுப்போயிருக்குதே, இது நெய்தவன் பண்ண பிழைதானேன்னு கேட்டே. ஆமான்னேன். இவளுக்கு ஆறு வயசுல முன்பல்லு விழுந்துது. அந்த ஓட்டை வாயை வெச்சிக்கினு தறியண்ட நின்னு சிரிச்சிக்கினே இருப்பா. கல்யாணப் புடவையில அந்த ஓட்டையைப் போட்டு வெச்சேன். எனக்கும் இவளுக்கும்தான் தெரியும். நீ போனப்புறம் பெட்டியைத் தொறந்து பார்த்தேன். கரையில ஒரு மணிகூடக் குறையல. அதுலதான் தெரிஞ்சிது."

துரைக்கண்ணுவுக்கு அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. துண்டை வாங்கியவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். வயசு என்று நினைத்துக்கொண்டார். "கடைச் சரக்கு இல்லப்பா, வீட்டுக்குன்னு நெய்தது" என்று சொல்லிவிட்டுக் கைலாசம் துண்டைத் திருப்பித் தராமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். அதையும் பார்த்தார். என்ன அண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெருவில் ஆட்டோ காத்திருந்தது. துண்டை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டு வந்த வாயாடி இப்போது இந்தத் தறிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாது அண்ணா," என்றார். சொன்னபோதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. தெரிந்துகொள்வதுதானே அவர் தொழில்.

"உன்னைச் சொல்லலப்பா. வாயில போட்டா சாப்பிட முடியல. முறுக்கைக் கடிச்சா ஜரிகை நொறுங்கற மாதிரி இருக்குது. எம் பொண்ணு புடவையை நானே கடிச்சித் தின்ன மாதிரி. டாக்டரம்மா எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. எங்க வெக்கறதுன்னு தெரியல. இவ தொறக்காத இடம் அது ஒண்ணுதான்."

இளவரசி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் புதிதாக ஒரு துணிச்சல் வந்திருந்தது.

"நிஜத்தைச் சொல்லட்டா? எனக்கு அந்தப் புடவையைக் கண்டாலே புடிக்காதுப்பா. அதைக் கட்டிக்கினு மணையில உட்கார்ந்தேன். பக்கத்துல உட்கார்ந்தவன் மூணாம் வருஷம் சொல்லாம கிளம்பிப் போனான். நீ நெய்ததுன்னு வெச்சிருந்தேன். வித்த அன்னைக்குத் தலையில இருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்துது. உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னுதான் வேற வாங்கி வெச்சேன்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா."

கைலாசம் அவளை நம்பவில்லை. அறுபது வருடமாக இழையைப் பார்த்த கண். அவர் துரைக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"துரை, நீ பழனிகிட்ட விசாரிச்சிருப்பே. குடுக்கும்போது இவ எப்படி இருந்தான்னு அவன் சொல்லியிருப்பான். நீ இல்லாததைச் சொல்ற ஆள் இல்ல. நீ சொன்னா நான் நம்பறேன்."

தேவகி தன் கைப்பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதற்குள் அந்தக் கவர் இருந்தது. கரையில் ஒரு துண்டாவது குடு என்று கேட்டு அழுதுகொண்டு போன அம்மாள் யார் என்று அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

துரைக்கண்ணுவுக்குப் பல் விண்விண் என்று தெறித்தது. பெயர்ப்பலகை ஞாபகம் வந்தது. கண்டதைக் கண்டபடி இந்த வீட்டுக்குள் ஒருமுறை கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. அதன் பலன் எதிரில் வேட்டி நிற்காத இடுப்போடு உட்கார்ந்திருக்கிறது.

"சொன்னான் அண்ணா," என்றார். "பழைய பேப்பரை எடைக்குப் போடற மாதிரி குடுத்துட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போச்சுன்னான்."

இத்தனை வருடத்துத் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

கைலாசம் அவரை வெகுநேரம் பார்த்தார். "அந்தத் துண்டு?"

"குப்பையில போட்டாச்சு." இது இரண்டாவது.

கிழவர் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மெதுவாக எழுந்தார். தேவகியின் கையிலிருந்து பல்லை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் பழையபடி கைலாசத்தின் முகமாக இருந்தது. "என்னாம்மா இருக்குது சாப்பிட?" என்றார் மகளிடம், ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று.

இளவரசி முறுக்கு டப்பாவைத் தறியோரம் கொண்டுபோனாள். அவரோ தறிப்பக்கம் ஆகாது என்று அதை ஜன்னலண்டை வைக்கச் சொல்லி, அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

துரைக்கண்ணு வெளியே வந்துவிட்டார். அதற்குமேல் அங்கே நிற்க அவருக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. தெருவில் ஒரு வீட்டுக்காரர் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துப் பசை போட்டுக்கொண்டிருந்தார். இளவரசி பின்னாலேயே வந்து, மடித்த நோட்டுகளை நீட்டினாள்.

"ஃபீசு சார்."

அவர் அந்தக் கையை மூடிவிட்டார். தேவகியைப் பார்த்தார். தேவகி பையைத் திறந்து கவரை எடுத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இளவரசியிடம் கொடுத்தாள்.

"பத்து நாள் முன்னாடியே வந்திருக்கணும்மா," என்றார் துரைக்கண்ணு. "எங்கிட்ட சும்மா கிடந்துது. மன்னிச்சிடு."

இளவரசி கவருக்குள் விரலை விட்டாள். எட்டிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் கரையின் மேல் ஊர்ந்து, மணி இல்லாத அந்த இடத்துக்கு நேராகப் போய் நின்றது. சத்தம் வெளியே வராமல் அழுதாள். பிறகு கவரை மடித்து இடுப்பில் செருகி, முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்குள் முறுக்கு உடைகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து கைலாசத்தின் குரல், அவசரமில்லாமல், தெருவுக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது.

"இளவரசி, அதை இடுப்புல வெக்காதம்மா, வேர்வை படும். பெட்டியில வெள்ளைத் துணியில சுத்தி வை."

மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். உள்ளே இன்னொரு முறுக்கு உடைந்தது.